செவ்வாய்க்குப் போனவனின் மனைவிக்கு வயது முப்பத்திரண்டு

என் முதல் நாவலில் ஒரு ராக்கெட் வருகிறது. முதல் பக்கத்தில் புறப்பட்டுப் போவதோடு அதன் வேலை முடிந்தது. மீதிக் கதை முழுக்க, அதில் ஏறிப் போனவனின் மனைவி தென்காசியில் தண்ணீர் பிடிக்கிறாள், மாமியாரோடு மல்லுக்கு நிற்கிறாள், கூரை ஒழுகும் இடத்தில் வாளி வைக்கிறாள், காத்திருக்கிறாள். ஆனால் அந்த ஒரு ராக்கெட் போதுமாக இருந்தது. "இது பிள்ளைங்க புத்தகம்மா" என்று சொல்லிவிட்டார் பதிப்பாளர்.

சொன்ன இடம் குற்றாலம். அவர் சென்னைக்காரர். சீசனுக்குக் குடும்பத்தோடு வந்து, ஐந்தருவிக்குப் போகும் சாலையில் ஒரு காட்டேஜ் எடுத்திருந்தார். வந்த இடத்தில் என்னையும் பார்த்துவிடலாம் என்று போன் செய்தார். நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, இருந்ததில் நல்ல சுடிதாரைப் போட்டுக்கொண்டு, அருவிக்குப் போகிற கூட்டத்தோடு பஸ்ஸில் நசுங்கிப் போய் இறங்கினேன்.

வராந்தாவில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். வீட்டம்மாவும் பிள்ளைகளும் குளிக்கப் போயிருந்தார்கள். நான் அனுப்பிய பிரதி அவர் மடியில் இருந்தது. ஓரமெல்லாம் பென்சில் குறிப்புகள். அதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. எங்கள் அப்பா சந்தையில் மூட்டை தூக்கியவர். அம்மா பீடி சுற்றுகிறாள். இரண்டு பேருக்கும் கையெழுத்துக்குப் பதில் கைநாட்டுதான். அண்ணன் எட்டாவதோடு நின்றுவிட்டான். பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்து, கல்லூரிக்கும் போன முதல் ஆள் நான். நான் எழுதியதை ஒருவர் பென்சில் வைத்துக்கொண்டு படித்திருக்கிறார் என்றால், நெஞ்சு நிமிராமல் என்ன செய்யும்?

"கதை நல்லா இருக்கு. முகத்துக்காகச் சொல்லலை" என்றார். "ஆனா தமிழ்ல பெரியவங்க விஞ்ஞானக் கதை படிக்க மாட்டாங்கம்மா. அவங்களுக்குச் சரித்திரம் வேணும், குடும்பம் வேணும். அட்டையில ராக்கெட்டைப் பார்த்தா, பையனுக்குன்னு வாங்கிட்டுப் போயிருவாங்க."

"அட்டையில ராக்கெட் போட வேண்டாமே சார். தண்ணிக் குடம் போடுங்க."

சிரித்தார். நல்ல மனிதர்தான். அதை இப்போதும் சொல்வேன். "எங்ககிட்ட இளையோர் வரிசை ஒண்ணு இருக்கு. பள்ளிக்கூட நூலகங்களுக்கெல்லாம் போகுது. முதல் புத்தகத்துக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. கொஞ்சம் மாத்தினா போதும். கதாநாயகிக்கு முப்பத்திரண்டு வயசுன்னு போட்டிருக்கீங்க. அதைப் பதினாறு ஆக்கிருங்க."

"அவ கல்யாணமானவ சார்."

"அதான், புருஷனை அப்பாவா மாத்திருங்க. அப்பா செவ்வாய்க்குப் போறார், மக காத்திருக்கா. இன்னும் உருக்கமா இருக்கும். அப்புறம் அந்த ஏழாவது அத்தியாயம்..." பென்சிலால் பிரதியைத் தட்டினார். "அது வேண்டாம். எடுத்துருங்க."

ஏழாவது அத்தியாயத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். போனவன் போய் நாலு வருஷம் ஆகிவிட்டது. சீசன் தொடங்குகிறது. செவ்வாயிலிருந்து அவன் பேசி அனுப்பிய செய்தி வந்து கிடக்கிறது. அவள் அதைத் திறக்காமல் துண்டை எடுத்துக்கொண்டு அருவிக்குப் போகிறாள். பெண்கள் பக்கத்தில் நிற்கிறாள். முதுகில் தண்ணீர் அடிக்கிறது. நாலு வருஷமாக யாரும் தொடாத முதுகு. அவள் அழவில்லை, யாரையும் நினைக்கவும் இல்லை. நன்றாக இருக்கிறது என்று மட்டும் நினைக்கிறாள். செய்தியை மறுநாளும் திறப்பதில்லை. அவ்வளவுதான். யாரோடும் ஓடிப் போகவில்லை. ஓடிப் போயிருந்தால்கூட எடுக்கச் சொல்லியிருக்க மாட்டாரோ என்னவோ, அதற்கு ஒரு தண்டனையும் சேர்த்து எழுதச் சொல்லியிருப்பார்.

"பிள்ளைங்க படிக்கிறதில அது எதுக்கு?" என்றார்.

"பிள்ளைங்களுக்குன்னு நான் எழுதலியே சார்."

"நீங்களே சின்னப் பொண்ணுதானேம்மா."

இருபத்தாறு வயசு எனக்கு. எங்கள் தெருவில் அந்த வயசுக்கு இரண்டு பிள்ளை பெற்றிருப்பார்கள். அதை அவரிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரை குற்றாலத்தில்தான் இருப்பேன், அதற்குள் யோசித்துச் சொல்லுங்கள் என்றார். சரி என்று எழுந்துவிட்டேன்.

பஸ்ஸில் திரும்பும்போது கோபம் மெதுவாகத்தான் ஏறியது. ஈரத் துண்டும் எண்ணெய் வாடையுமாக ஆட்கள் மேலே சாய்ந்துகொண்டே வந்தார்கள். எந்த வயசுக்கு எந்தப் புத்தகம் என்று பிரித்து வைப்பதற்கு, முதலில் வீட்டில் வாசிக்கத் தெரிந்த ஒரு பெரியவர் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் இல்லை. அதனால் என்னை யாரும் தடுத்ததும் இல்லை. பன்னிரண்டு வயசில் நூலகத்தில் கைக்கு எட்டிய தட்டில் இருந்ததை எல்லாம் எடுத்து வந்தேன். பிரசவம் பற்றிய மருத்துவ நூல், சோதிடம், கோழி வளர்ப்பு, அட்டை போன நாவல்கள். "என்னட்டி படிக்க?" என்று அம்மா கேட்பாள். "பாடம்" என்பேன். அத்தோடு சரி. அப்படி வந்த ஒன்றில், விண்வெளிக்குப் போனவன் திரும்பி வரும்போது அவன் மகனே அவனைவிடக் கிழவனாக இருப்பான். அன்றைக்கு ராக்கெட்டுக்காகப் படித்தேன். கல்லூரியில் திரும்பப் படித்தபோது, வாசலில் வந்து நின்று உள்ளே வரத் தயங்குகிற அந்த மனிதனுக்காகப் படித்தேன். ஒரே புத்தகம்தான். அதிலிருந்து யாரும் எனக்காக அந்த வாசலை வெட்டி எடுத்திருக்கவில்லை. அதனால்தான் அது இரண்டாவது தடவையும் எனக்குக் கிடைத்தது.

பதினாறு வயசுக்காரி என் நாவலைப் படிக்கட்டும், பத்து வயசுக்காரியும் படிக்கட்டும். எனக்கு ஆட்சேபனை இல்லை. 'இளையோர்' என்று முத்திரை குத்துகிற கை அப்படியே கத்தரிக்கோலையும் எடுக்கிறதே, அங்கேதான் எனக்குச் சண்டை.

அந்த நாவல் எங்கிருந்து வந்தது என்றால், எங்கள் வீட்டுச் சுவரிலிருந்து வந்தது. அங்கே இரண்டு கடிகாரங்கள் தொங்குகின்றன. ஒன்று நம் நேரம். மற்றது சவூதி நேரம், இரண்டரை மணி பின்னால் ஓடும். கடையநல்லூர்ப் பக்கம் போனால் இப்படி எத்தனையோ வீடுகளில் பார்க்கலாம். ஆள் வெளிநாடு போன வீட்டில் அவன் நேரமும் சுவரில் ஏறிவிடும். அண்ணன் சவூதிக்குப் போன அந்த வாரமே அம்மா ஒரு கடிகாரம் வாங்கி வந்து, என்னை முள்ளைத் திருப்பி வைக்கச் சொன்னாள். எழுத்துத் தெரியாத அம்மா இரண்டு கடிகாரத்தையும் ஒரு பார்வையில் படித்துவிடுவாள். வெளியாட்களுக்குத்தான் குழப்பம். அண்ணனின் மாமனார் ஒரு தடவை வந்தபோது சவூதிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, இன்னும் நேரம் கிடக்கிறது என்று சாவகாசமாக இரண்டாவது காப்பி கேட்டார். ரயில் எப்போதோ போய்விட்டது. "சம்பந்தி சவூதி ரயில்ல போவப் போறாவ போல" என்று அம்மா சொல்ல, மைனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடிவிட்டாள்.

மைனி என்றால் அண்ணன் மனைவி. கல்யாணம் முடிந்து இரண்டு மாதத்தில் அண்ணன் திரும்பப் போய்விட்டான். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வருவான். என்னைக் கல்லூரிக்கு அனுப்பியது அவன் அங்கே பார்த்த வேலைதான். அது எனக்குத் தெரியாமல் இல்லை. அவன் படிக்காததால்தான் நான் படித்தேன். அவன் அங்கே இருந்ததால் மைனி இங்கே என்ன ஆனாள் என்பதையும் பக்கத்துக் கட்டிலில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை அப்படியே எழுதத் தைரியம் இல்லாமல் ஆளைச் செவ்வாய்க்கு அனுப்பினேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். தூரத்தைச் சரியான அளவில் காட்டத்தான் செவ்வாய். சவூதி என்று எழுதினால், போனில் முகம் பார்த்துப் பேசுகிறார்களே, பிறகென்ன என்று நினைத்துவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். அம்மா மடியில் பீடித் தட்டு. தலை நிமிராமல், "பள்ளிக்கூடத்துக்கெல்லாம் போவும்னா நல்லதுதானட்டி? பிள்ளேளு படிச்சா நல்ல பேருதான?" என்றாள்.

"அவளப் பதினாறு வயசாக்கச் சொல்லுதாரும்மா."

"ஆக்கிட்டுப் போ. கதைதான? உசிரா போவுது?"

மைனி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நாவலை அங்கங்கே நான் வாசித்துக் காட்டியிருக்கிறேன், கேட்டுச் சிரித்திருக்கிறாள். ஏழாவது அத்தியாயத்தை மட்டும் காட்டியதில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்து வீட்டுத் தையல்காரரின் மகள் வந்தாள். ஒன்பதாவது படிக்கிறவள். அச்சிட்ட எதைக் கண்டாலும் விடமாட்டாள் என்பதால், என்னிடம் இருந்த இன்னொரு பிரதியைப் போன வாரம் அவளிடம் கொடுத்திருந்தேன். கதவிலேயே நின்றுகொண்டு, "யக்கா, படிச்சிட்டேன்" என்றாள்.

"முழுசாவா?"

"ஏழாவது மட்டும் பாதில விட்டுட்டேன். ஒரே போரு."

மைனி நிமிர்ந்தாள். "ஏட்டி, அதுல என்ன இருக்கு?"

"ஒண்ணுமே இல்ல சித்தி. அருவில நிக்கா, நிக்கா, நின்னுட்டே இருக்கா. ஒரு எளவும் நடக்கல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எந்தப் பிள்ளையின் நலனுக்காக அந்த அத்தியாயத்தை எடுக்க வேண்டுமோ, அந்தப் பிள்ளை அதைப் பாதியில் தாண்டிப் போய்விட்டாள். ஆனால் அவள் நிறுத்தவில்லை.

"ஒரு தப்பு இருக்குக்கா. சொல்லலாமா?"

"சொல்லு."

"அவ வீட்டுல ரெண்டு கடிகாரம் இருக்குல்லா? ஒண்ணு நம்ம டயம், ஒண்ணு செவ்வா டயம். எப்பவும் ஒரே வித்தியாசம்னு எழுதிருக்கீங்க. அது எப்படி? செவ்வாய்ல ஒரு நாளு நம்ம நாளவிட நாப்பது நிமிசம் கூடல்லா? இன்னைக்கு நாப்பது, நாளைக்கு எம்பது... தள்ளிட்டேதான போவும்?"

காது சூடாகிவிட்டது. அந்த நாவலுக்காக நான் படிக்காததா? இங்கிருந்து பேசும் குரல் செவ்வாய்க்குப் போய்ச் சேர எத்தனை நிமிடம் ஆகும், எந்த மாதத்தில் கூடும், எதில் குறையும் என்றெல்லாம் தேடிப் படித்திருந்தேன். மண்ணின் நிறம், காற்றின் கனம், குளிர் எல்லாம் படித்திருந்தேன். கடிகாரத்தைப் பற்றி மட்டும் ஒரு வரி தேடவில்லை. அதுதான் எனக்குத் தெரியுமே! நம்ம நேரத்திலிருந்து இவ்வளவு கழித்தால் அந்த நேரம். பிறந்து வளர்ந்த வீட்டுச் சுவரில் வேறு எதை நான் பார்த்தேன்? ஊரும் வெளிநாடும் ஒரே பூமியில் இருப்பதால்தான் அந்தக் கணக்கு மாறாமல் இருக்கிறது என்பது என் மண்டையில் உதிக்கவே இல்லை. இரண்டு கடிகாரம் தொங்கும் வீட்டுப் பெண்ணைத் தவிர வேறு யாரும் இப்படித் தப்புச் செய்திருக்க மாட்டார்கள்.

"யாருட்டி சொன்னா ஒனக்கு?" என்றேன், கொஞ்சம் கடுப்பாகத்தான்.

"சயின்ஸ் புஸ்தகத்துல போட்டிருந்துதுக்கா. நீங்க பாக்கலியா?"

அம்மா பீடிக்கு நூல் சுற்றிக்கொண்டே, "காலேசுக்குப் போனவள ஒம்பதாவது கேள்வி கேக்குது பாரு" என்றாள். அதில் அவளுக்கு ஒரு சந்தோஷம்.

மைனி மட்டும் சிரிக்கவில்லை. கையில் பாதி உரித்த வெங்காயம். "அப்போ அவன் சாப்பிடுத நேரம், தூங்குத நேரம், எல்லாம் தெனமும் மாறிட்டே போவுமா?" என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டாள்.

"ஆமா சித்தி. கொஞ்ச நாள்ல அவருக்கு நடு ராத்திரி, நமக்கு மத்தியானம். பெறவு சுத்தி வந்து, ஒரு மாசத்துக்கு மேல ஆனப் பெறவு மறுபடி ஒண்ணாச் சேரும்."

"பெறவு?"

"பெறவு மறுபடி தள்ளும்."

மைனி யோசித்தாள். "அப்போ யாரு மாத்திக்கிடுவா? அவன் பேசுத நேரத்துக்கு நான்... அவ முழிச்சிருக்கணும்லா?"

"ரெண்டு பேரும் பாதிப் பாதியா மாத்திக்கிடலாம் சித்தி" என்றாள் பிள்ளை, கணக்கை முடித்துவிட்ட தெளிவோடு.

மைனி சிரித்த சிரிப்பு இருக்கிறதே! வெங்காயம் கையிலிருந்து உருண்டு போனது. "பாதிப் பாதியா! இவ ஒருத்தி. ஏ கூறுகெட்டவளே, போட்டி, போயிப் படி" என்று அவளை விரட்டினாள். பிள்ளைக்கு எதற்குச் சிரிக்கிறாள் என்று புரியவில்லை. அம்மாவுக்குப் புரிந்தது. பீடித் தட்டை இழுத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டாள்.

எங்கள் வீட்டில் மைனி இரவுச் சாப்பாட்டைப் பத்தரை மணிக்குத்தான் சாப்பிடுவாள். அண்ணனுக்கு அது எட்டு மணி. அவன் வேலை முடிந்து வந்து தட்டில் சோறு போட்டுப் போனைத் திறக்கும்போது இவளும் தட்டோடு உட்காருவாள். நானும் அம்மாவும் எப்போதோ சாப்பிட்டிருப்போம். அண்ணன் ஒரு நாளாவது தன் சாப்பாட்டை முன்னால் கொண்டுவந்தானா என்று நான் யோசித்ததே இல்லை. நாவலில்கூட அதைக் கேட்கவில்லை. என் கதாநாயகி நேரம் பார்த்து உட்காருவாள், நேரம் பார்த்து எழுந்திருப்பாள். வித்தியாசம் மாறாமல் இருந்ததால் யார் யாருக்காக வளைகிறார்கள் என்ற கேள்வியே வரவில்லை. கடிகாரம் நகர ஆரம்பித்தால் அது தினமும் வரும். ஒன்று அவன் தூக்கத்தை விட வேண்டும், இல்லை அவள் விட வேண்டும்.

அந்தப் பிள்ளை என் நாவலைக் கெடுத்துவிட்டாள் என்று ஒரு பத்து நிமிஷம் நினைத்தேன். பிறகுதான், எழுதும்போது எனக்கே தெரியாமல் மூடியிருந்த ஒரு கதவை அவள் உதைத்துத் திறந்திருக்கிறாள் என்று தெரிந்தது. உதைத்தவளுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. எட்டிப் பார்த்தவள் மைனி.

"அந்த ஏழாவத எடு, பாப்போம்" என்றாள் மைனி.

மைனி பத்தாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்ட வேண்டியதில்லை. ஆனாலும் மெதுவாகப் படித்தாள். நான் எதிரே உட்கார்ந்து வெங்காயத்தை உரித்தேன். கண்ணில் நீர் வந்தால் காரணம் சொல்ல வசதியாக இருக்கும் என்று பார்த்தேன். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபடி மேலே போய்ப் படித்தாள். முடித்ததும் தாள்களைத் தட்டி ஒன்றாக அடுக்கினாள்.

"எப்படி மைனி இருக்கு?"

"அவ போனது தப்புன்னு நீ எங்கனயும் எழுதல."

"இல்ல மைனி."

"பெறவு அந்த ஆளு ஏன் எடுக்கச் சொல்லுதான்?"

"பிள்ளேளு படிக்கக் கூடாதாம்."

"பிள்ள படிச்சிட்டுப் போருன்னு போயிட்டாளே. நம்ம படிக்கக் கூடாதுன்னுதான் சொல்லுதான், சவம்."

அதுவரை முதுகைக் காட்டிக்கொண்டிருந்த அம்மா திரும்பினாள். "ஏட்டி, ரெண்டு பேரும் என்ன பேசுதீய? ஊருல எல்லாத்துக்கும் தெரியும் இவ புருசன் வெளிநாட்டுல இருக்கான்னு. நாளைக்குப் புஸ்தகம் வந்து, எவளாவது படிச்சு, இது இவ கதைதான்னு சொன்னா? உங்கண்ணன் காதுக்குப் போனா?"

அந்தப் பயம் எனக்கும் இருந்தது. அதனால்தானே மைனியிடமே அந்த அத்தியாயத்தை மறைத்தேன்? பதிப்பாளர் சொன்னபடி செய்தால் அந்தப் பயம் போய்விடும். பதினாறு வயசுப் பெண்ணுக்கு முதுகும் கிடையாது, பத்தரை மணிச் சாப்பாடும் கிடையாது. யாரும் மைனியை நினைக்க மாட்டார்கள். அம்மா சொல்வதில் அன்பு இல்லாமல் இல்லை.

மைனிதான் பேசினாள். "போவட்டும் அத்தை. அவ்வொ காதுக்குப் போவட்டும். இங்க யாரு சொல்லுதா அவ்வொகிட்ட? நான் சொல்லுதேனா? போன்ல சாப்பிட்டியா, சாப்பிட்டேன். மழையா, மழை. இதத்தான பேசுதோம்? அவ்வொ படிக்கட்டும். நாலு எழுத்து வாசிக்கத் தெரியும்லா?"

மைனி அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவ்வளவு நீளமாக அம்மாவிடம் பேசி நான் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மைனியும் என்னோடு குற்றாலம் வந்தாள். கடைத்தெருவில் நிற்கிறேன், நீ போய்ப் பேசிவிட்டு வா என்றாள். பதிப்பாளர் அருவியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். தலையில் ஈரம் காயவில்லை. நடையில் பெட்டிகள் கட்டித் தயாராக இருந்தன.

"மாத்தலை சார். ஆனா ஒரு தப்பு இருக்கு, அதை மட்டும் திருத்தப் போறேன்" என்று கடிகார விஷயத்தைச் சொன்னேன். யார் கண்டுபிடித்தது என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பார்த்தீங்களா! நான் சொன்னதை நீங்களே நிரூபிச்சிட்டீங்க. உங்க முதல் நல்ல வாசகி ஒன்பதாம் வகுப்பு. அவ வயசுக்காரங்கதான் இதைக் கணக்குப் போட்டுப் படிப்பாங்க. பெரியவங்கள்ல அந்த நாற்பது நிமிஷம் யாருக்கு வேணும்?"

நியாயமான கேள்விதான். அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்றுகூட நினைத்தேன். பிறகு, எதற்கு மறைக்க வேண்டும் என்று வந்தது.

"நாற்பது நிமிஷம் இருக்குன்னு அவ கண்டுபிடிச்சா சார். அதை யார் தூக்கத்தில இருந்து எடுக்கிறதுன்னு கேட்டது எங்க மைனி. அவங்க கேட்டதுதான் நாவல். அந்தப் பிள்ளைகிட்டக் கேட்டா, ஆளுக்குப் பாதின்னு சொல்லுதா."

"அழகான பதில்தானே? இளையோர் நாவலுக்கு அதுதானே முடிவு?"

"அவ வயசுக்கு அழகுதான். எங்க வீட்டுல அப்படி நடக்கலை."

தலையைத் துவட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். "சரி, ஒண்ணு பண்ணலாம். ஏழாவது இருக்கட்டும். லேசா வெட்டிக்கலாம். வயசு பத்தொன்பது. புதுசாக் கல்யாணமானவ. இளையோர்ல மேல் வரிசைன்னு போட்டுருவோம்." உண்மையிலேயே இறங்கி வருகிறார். புத்தகம் வந்துவிடும். என் பெயர் அட்டையில் இருக்கும். எங்கள் குடும்பத்தில் யார் பெயரும் ரேஷன் அட்டை, கல்யாணப் பத்திரிகை, அண்ணன் பாஸ்போர்ட் தவிர வேறு எதிலும் அச்சானதில்லை.

"பத்தொன்பது வயசுல காத்திருக்கது வேற சார்" என்றேன். "அதுக்கு முன்னால நிறைய நாள் கிடக்கு. முப்பத்திரண்டுல காத்திருக்கவளுக்குத்தான் எது போயிட்டிருக்குன்னு தெரியும். அவளைத்தான் நான் எழுதியிருக்கேன். அவ வெளியே வந்தா அப்படியே வரட்டும், இல்லைன்னா என் பையிலேயே இருக்கட்டும்."

"யோசிச்சுச் சொல்லும்மா."

"யோசிச்சுட்டுத்தான் சார் வந்தேன்."

பிரதியைக் கையில் கொடுத்தார். கோபப்படவில்லை, வருத்தமாகத்தான் இருந்தார். "அடுத்ததை எழுதினா அனுப்புங்க" என்றார். நான் நன்றி சொன்னேன். பணிந்து சொல்லவில்லை, சமமாக நின்று சொன்னேன்.

கடைத்தெருவில் மைனி மங்குஸ்தான் விலை பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கடைக்காரரை விட்டுவிட்டு வந்தாள்.

"என்ன சொன்னான்?"

"முடியாதுன்னு."

"அவன் சொன்னானா, நீ சொன்னியா?"

"நான்தான் மைனி."

தலையை ஆட்டினாள். பஸ் வருவதற்கு நேரம் இருந்தது. சாரலில் நனையாமல் ஒரு கடையின் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றோம். பிரதியைத் துப்பட்டாவுக்குள் வைத்து அணைத்துக்கொண்டேன். இனி யாரிடம் கொண்டுபோவது என்று எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வேறொரு பதிப்பாளர் அதை எடுத்துக்கொள்ள இன்னும் நாளானது, புத்தகமாக வந்தபோது அட்டையில் 'நாவல்' என்று மட்டும்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு அந்தத் தாழ்வாரத்தில் அதெல்லாம் எனக்குத் தெரியாது. கையில் இருந்தது ஓரம் நனைந்துபோன ஒரு கட்டுத் தாள்.

மைனி சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அவளுக்கு எத்தன வயசு வச்சிருக்க?"

"முப்பத்திரண்டு."

"என் வயசு."

"ஆமா மைனி."

"கூட்டு."

எனக்குத் திக்கென்றது. "ஊருக்குத் தெரிஞ்சிரும்னா?"

"தெரிஞ்சா தெரியட்டும், அதுக்குச் சொல்லல. முப்பத்திரண்டுல போன் கெடக்க, எடுக்காமப் போறதுக்கு எவளுக்கு அவ்வளவு தைரியம் இருக்கும்? எனக்கு இல்லியே. படிக்கவொ நம்ப மாட்டாவ. நாப்பதாக்கு."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பையிலிருந்து பேனாவை எடுத்து, ஏழாவது அத்தியாயத்தின் முதல் பக்கத்தைக் கடைச் சுவரில் வைத்து, முப்பத்திரண்டை அடித்தேன். பதினாறு கேட்டவர் அப்போது சென்னைக்குக் காரில் ஏறிக்கொண்டிருப்பார்.

மைனி சொன்னதோடு என் பங்குக்கு ஒன்று கூட்டி, நாற்பத்தொன்று என்று எழுதினேன்.